போனுக்குச் சார்ஜ் போட்டவள்

1

இந்தக் கதையை எனக்குத் தந்தவள் றுமைஸா. கண்டிப் பக்கம் மடவளையில் எங்கள் பக்கத்து வீடு; என்னை அக்காவாக நினைத்து ராத்தா என்பாள். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்க ராத்தா. அவரை மட்டும் கெட்டவராக்கிராதீங்க."

முதல் தொடக்கம்: 'நுஸ்கி தூளை விட்டதோடு எல்லாம் சரியாகி—'

(வெட்டிவிட்டேன். சரியாகவில்லை.)

2

நுஸ்கி அவள் கணவன். தூளை, அதாவது ஹெரோயினை விட்டு, கண்டியில் கிளினிக்குக்குப் போய் மருந்தெடுத்து, கட்டுகஸ்தோட்டை டயர் கடையில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தவன். உடம்பு தேறியது. கூடவே போனில் ஒரு கேம் ஒட்டிக்கொண்டது. முதலில் சாப்பிட்ட பிறகு விளையாடினான். பிறகு சாப்பிடும்போதே. பிறகு சோறு ஆறிப்போவதே தெரியாமல்.

றுமைஸா ஏசவில்லை. அவன் குளிக்கப் போனதும் போனைச் சார்ஜில் போடுவாள். போன் திரை எரியும்வரை அவன் கதிரையில் இருப்பான். அணைந்தால் எழும்புவான். எழும்பினால்—

(இந்த வாக்கியத்தை அவளும் முடிக்கவில்லை.)

3

ஒரு ஞாயிறு பகல், கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து அவள் காலில் கொட்டியது. கத்தினாள். முன்னறையிலிருந்து குரல் வந்தது: "இந்தா வாறேன்."

ஆட்டம் முடிந்துதான் வந்தான். பைப்பின் கீழே காலை நீட்டிக்கொண்டு அவள் தரையில் இருந்தாள். நுஸ்கிக்கு முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் குந்தி அந்தக் காலைத் தாங்கிப் பிடித்தான்.

"தூள் எடுத்த காலத்திலயும் இப்பிடித்தானே செல்லுவேன், இந்தா வாறேண்டு."

அவள் பைப்பை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"போனை எங்கயாச்சும் ஒளிச்சு வெய்யி."

"ஏலாது."

"ஏன்?"

"இதையும் எடுத்தா நீங்க தூள் தேடி வெளிய போயிருவீங்க. நான்தானே ஒவ்வொரு நாளும் சார்ஜ் போட்டது."



"எனக்கும் அந்தப் பயம்தான்" என்றான்.

(இந்த இடத்தில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்து விளக்கம் சொல்ல வைத்திருந்தேன். தண்ணீர்ச் சத்தம் போதும் என்று அவரை அனுப்பிவிட்டேன்.)

அடுத்த முறை கிளினிக்குக்கு இருவரும் போனார்கள். தூளைப் பற்றி மட்டும் பேசிவந்த நுஸ்கி, அன்று கேமையும் சொன்னான். அங்கேயே அதை அழித்தான்.

4

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவன் முழுதாக மீள்கிறான். மற்றதில் தூளுக்கே திரும்புகிறான். றுமைஸாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் இல்ல ராத்தா. நேத்து கேமைத் திரும்ப போனுல போட்டாராம். நான் கேக்கல்ல. அவராவே வந்து சென்னாரு."

"நீ என்ன சொன்னாய்?"

அவள் சிரித்தாள். சொல்லவில்லை.

நானும் இட்டுக்கட்டப் போவதில்லை. அவர்கள் வீட்டு முன்னறையில் நுஸ்கி போனோடு நிற்கிறான், தவறியதை முதன்முறையாக ஒளிக்காமல். அவனுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?