அப்பாவின் நடை

அக்காவின் போன் வந்தபோது குருவி ஆய்வகத்தில் கரைசல் கலந்துகொண்டிருந்தாள்.

"குருவி, எனக்கு இல்லையாம்டி! ரத்தத்துல எதுவும் இல்லைன்னு சொல்லிட்டாங்க!"

டிரைவிங் ஸ்கூலில் வண்டி கற்றுக்கொடுத்துக் கத்திக் கத்திப் பழகிய குரல். போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அப்பாடா!" என்றாள் குருவி. உண்மையான சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டுப் புட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டும்போதுதான் தன் நினைப்பு வந்தது.

அவர்களுடைய அப்பா லிப்ட் மெக்கானிக். நாற்பதைத் தாண்டியதும் நடை தள்ளாட ஆரம்பித்தது. ஒரு சொட்டு தொடாத மனுஷரைக் குடிகாரர் என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்புறம் நாக்கு குழறியது, கையில் ஸ்பூன் நிற்கவில்லை. சிறுமூளையின் செல்கள் மெல்ல மெல்ல அழிகிற பரம்பரை நோய் என்று கண்டுபிடிப்பதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். பிள்ளைகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்றார் டாக்டர். அக்காவுக்கும் பாதி, தங்கைக்கும் பாதி. ஒருத்தி தப்பித்தால் அவள் பங்கு மற்றவள் தலையில் விழும் என்கிற கணக்கெல்லாம் கிடையாது. குருவிக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அப்படியானால் எனக்குத்தான் என்று மனசு சாதித்தது.

அன்றிலிருந்து தன்னைத்தானே வேவு பார்க்க ஆரம்பித்தாள். கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினாள். பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றாள். டம்ளரில் தண்ணீர் தளும்பினால் திக்கென்றது. பேசும்போது ஒரு வார்த்தை தடுக்கினால் அன்றைய பொழுதே போயிற்று.

வேலையும் அதே சிறுமூளையில்தான். அப்பாவுக்காகவா இந்தப் படிப்பு என்று யாராவது கேட்டால் சண்டைக்குப் போவாள். எலியின் சிறுமூளையை மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்து, முடியைவிட மெல்லிய நுனி கொண்ட கண்ணாடிக் குழாயை ஒரே ஒரு செல்லின்மேல் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் குழாயில் இருக்கும் கரைசல் செல்லுக்குள் கலந்துவிடும். செல்லின் மின்துடிப்பு திரையில் ஓடும்.

அவள் துரத்திக்கொண்டிருந்தது கால்சியத்தை. ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் கொஞ்சம் கால்சியம் நுழைகிறது. நுழைந்தது போய் பிரேக்கை மிதிக்கிறது. செல் ஒரு கணம் அடங்கி, அப்புறம் அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது. ஆனால் வருகிற கால்சியத்தையெல்லாம் செல் சும்மா விடுவதில்லை. உள்ளே இருக்கும் சில புரதங்கள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிடிக்காமலே விட்டால் பிரேக் அழுத்தமாக விழும், செல் திக்கித் திணறும். அளவுக்கு மீறிப் பிடித்தால் பிரேக்கே விழாது. இதைச் சோதிக்க அவளிடம் இரண்டு புட்டிகள் இருந்தன. ஒன்றில் கால்சியத்தைப் பிடிக்கும் பொருள் செல்லுக்கு வேண்டிய அளவு, மற்றதில் அதைப்போலப் பத்து மடங்கு.

அந்த வாரம் எல்லாமே தலைகீழாகப் போனது. முதல் புட்டிக் கரைசலில் கடிகாரம் மாதிரி ஓட வேண்டிய செல்கள் பேய் பிடித்தவை போலத் துடித்தன. துடிப்புக்கு நடுவே அடங்குகிற இறக்கமே இல்லை. கடைசியில் களைத்துப்போய் நின்றுவிட்டன. அடுத்த செல்லும் அப்படியே, அடுத்த எலியும் அப்படியே.

குருவி வலது கையை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். நடுங்குகிறதா? நடுங்குகிற மாதிரித்தான் இருந்தது. என் கைதான் செல்லைக் குத்திக் கிழிக்கிறது. ஆரம்பித்துவிட்டது.

நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன குருவி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"என் கை சரியில்ல. செல் எல்லாம் சாகுது."

அவன் திரையைப் பார்த்தான். "சாகலையே. பிரேக் இல்லாம ஓடுது. கை நடுங்கினா செல் ஒட்டவே ஒட்டாது, உனக்குத்தான் கல்லு மாதிரி ஒட்டியிருக்கே. கரைசல் எப்போ கலந்தே?"

அவளுக்குப் பொறி தட்டியது. அக்காவின் போன் வந்த அன்று. இரண்டாவது புட்டியை எடுத்து, அதில் குழாயை நிரப்பி, இன்னொரு செல்லைப் பிடித்தாள். துடிப்பு, இறக்கம், துடிப்பு, இறக்கம். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல ஓடியது செல். பெயர்ச்சீட்டுகளைத்தான் மாற்றி ஒட்டியிருக்கிறாள்.

"அட, இவ்வளவுதானா!" என்று சிரித்துவிட்டுப் போனான் அவன்.

குருவிக்குச் சிரிப்பு வரவில்லை. நோய் வந்திருக்கிறதோ இல்லையோ, பயம் வந்து சட்டமாக உட்கார்ந்து ஒரு வார வேலையைத் தின்றுவிட்டது. இப்படியே இன்னும் எத்தனை வருஷம்? அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டாள். "நானும் பாத்துடறேன்க்கா. கூட வா."

அக்காவுக்குச் சோதனை செய்த டாக்டரம்மா அவளைக் குதிகாலும் விரலும் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொடு, என் விரலைத் தொடு என்றார். "இன்னிக்கு உங்ககிட்ட ஒரு குறையும் தெரியலம்மா. ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்." அக்கா அதற்குள் கைக்குட்டையைப் பிழிந்து கயிறாக்கியிருந்தாள்.

முடிவு வரும்வரை குருவி தூங்கியது தூக்கமே இல்லை. வந்த அன்று டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். அந்தச் சாத்தலிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கும்மா. எப்போ ஆரம்பிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. சீக்கிரமும் வரலாம், ரொம்ப வருஷம் கழிச்சும் வரலாம்."

குருவி தலையாட்டினாள். அழுதது அக்காதான். காரில் ஏறியும் அழுகை நிற்கவில்லை.

"எனக்கு வந்திருக்கக் கூடாதாடி?"

"நீ வண்டி ஓட்டற. உனக்கு வந்தா ஊருக்கே ஆபத்து."

அக்கா அழுகையோடு சிரித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அப்புறம் திடீரென்று, "மூணாவது மாடி வீட்டைக் காலி பண்ணு. கீழ் வீடா பாக்கலாம்," என்றாள்.

"இப்பவேவா? எனக்கு ஒண்ணுமே ஆகலையேக்கா."

"ஆனப்புறம் தேட முடியுமா? என் தெருவுல ஒரு வீடு காலியா இருக்கு."

"உன் தெருவா? தினம் வந்து உயிரை எடுப்பே."

"எடுப்பேன்தான். என்ன இப்போ?"

"அந்த வீட்டுல வெளிச்சமே வராது. போன தடவை நான் வந்தப்போ பாத்தோமே."

"ஜன்னல் பெருசா வைக்கச் சொல்றேன்."

"வீட்டுக்காரர் ஒத்துக்க மாட்டார்."

"அவர் பொண்ணுக்கு நான்தான் வண்டி கத்துக்குடுக்கறேன். ஒத்துக்குவார்."

குருவி கடைசியில் இறங்கி வந்தாள். "எதுக்கும் ஒரு தடவை பாக்கலாம்," என்றாள். அக்கா உடனே தன் தெருப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.