தோட்டாக் கூட்டில் ஒரு பள்ளம்

தேயிலை விலை அதல பாதாளத்துக்குப் போனதிலிருந்து எஸ்டேட்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் வீண்செலவுதான். காவல்காரனின் கண்ணும் அதில் சேர்த்தி போலிருக்கிறது. கூடலூர் பஜாரில் துப்பாக்கி பழுது பார்க்கும் அயூப், தேவர்சோலை எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்பில் இப்படிப் பொருமிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் இறங்கிய யானையை விரட்ட, காவல்காரன் இருளப்பன் எஸ்டேட் ரைஃபிளை வானத்தைப் பார்த்துச் சுட்டான். உள்ளேயே தோட்டா பிளந்து, நெருப்பும் பித்தளைச் சிதறலும் பின்பக்கமாக அவன் முகத்தில் அடித்தன. வலது கண் போய்விட்டது. குடித்துவிட்டு ஏனோதானோவென்று தோட்டா போட்டான் என்று மேனேஜர் சுரேந்திரன் குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டார். அது நிரூபணமானால் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். துப்பாக்கியில் கோளாறில்லை என்று ஒரு கையெழுத்துப் போடத்தான் அயூபுக்கு அழைப்பு.

ஆபீசில் விசாரணையை நடத்தி முடிவு சொல்ல வந்திருந்த வக்கீல் ஜூடித் நாற்காலியில் இருந்தார். கண்ணில் கட்டோடு இருளப்பன் நின்றான், பக்கத்தில் அவன் மனைவி கருப்பம்மா. ஒரு நாற்காலி போடக்கூட நாதியில்லை. அயூபுக்கு ரத்தம் கொதித்தது. பிளந்த தோட்டாவை வாங்கிப் பார்த்தார். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, கத்தியால் சுற்றி அறுத்ததுபோல் கழன்றிருந்தது. பழைய வெற்றுக் கூடுகளையும் கேட்டார்.

அவை இல்லாமலா போகும்? காவல்காரன் தோட்டாவை விற்றுவிடுவானாம். அதனால் வெற்றுக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த தோட்டா. தேதிச் சீட்டு சுற்றிய அத்தனை கூடுகளும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருந்தன. அயூப் அவற்றை மேசைமேல் தேதிவாரியாக நிறுத்தினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய கூட்டிலேயே அதே இடத்தில் மெலிதாக ஒரு பளபளப்பு வளையம் ஓடியது. வர வர அது பளிச்சென்று ஆகிக்கொண்டே வந்தது.

கருப்பம்மாவிடம் கொண்டை ஊசி ஒன்று வாங்கி, நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கினார். கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே உரசினார். வளையம் இருந்த இடத்தில் ஊசி சிக்கி நின்றது.

“தோட்டாவைப் பின்னாடியிருந்து மூடுற போல்ட் தேஞ்சு போச்சுங்கம்மா,” என்றார் வக்கீலிடம். “மூடினா தோட்டா ஆடாம நிக்கோணும். இதுல பின்னாடி இடைவெளி இருக்குது. சுடச் சுட கூடு இழுபட்டு, உள்ளே பள்ளம் விழுந்து, கடைசியில அந்து போச்சு. இதுல இவர் தப்பு ஒண்ணுமில்லைங்க.”

மேனேஜரிடம் ஊசியை நீட்டினார். அவர் தொடவில்லை. கருப்பம்மா வாங்கி ஒவ்வொரு கூடாக உரசிப் பார்த்தாள்.

சுரேந்திரன் நிதானமாக ஃபைலிலிருந்து ஒரு சீட்டை எடுத்து வைத்தார். “ரெண்டு வருஷம் முன்னாடி சர்வீஸ் பண்ணி, நல்ல நிலையில இருக்குன்னு எழுதினது நீங்கதானே பாய்?”

அயூபின் கையெழுத்துதான். போல்ட் ஆடுகிறது, மாற்றவேண்டும் என்று அன்று போனில் சொன்னார். இந்த வருடம் செலவே கிடையாது, எண்ணெய் போட்டு அனுப்புங்கள் என்றார் சுரேந்திரன். எஸ்டேட் வாடிக்கையை விட மனமில்லாமல் இவரும் அனுப்பினார். காலையிலிருந்து ஊரையே திட்டிக்கொண்டு வந்த கோபம் இப்போது அவர்மேலேயே திரும்பியது. மூடு வாயை, கடை லைசென்ஸ் போய்விடும் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. அதன்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

காகிதம் வாங்கி எழுதினார். போல்ட் தேய்ந்திருந்தது. மேனேஜரிடம் சொன்னேன். செலவு வேண்டாம் என்றார். ஆபத்து என்று தெரிந்தே நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தேன். கீழே கையெழுத்துப் போட்டார்.

ஜூடித் இரண்டு முறை வாசித்தார். இருளப்பன்மேல் குற்றம் நிற்காது என்று மேனேஜர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டு, காகிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வாசலில் கருப்பம்மா வழிமறித்தாள். கும்பிடுவாளோ என்று அயூப் கூசிப்போனார்.

“இத்தனையும் ஒங்களுக்கு அன்னைக்கே தெரியுமா பாய்?”

தெரியும் என்றார்.

அவள் ஊசியை அவர் கையிலேயே திணித்துவிட்டு, புருஷனின் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப் போனாள்.