ஓடாத நீல இன்ஜின்

சலூன்காரரின் மகனுக்கு முப்பது வயதாகப் போகிறது. அப்பாவைவிட ஒரு சாண் உயரம், ஒன்றரை மடங்கு எடை. பேசத் தெரிந்த சொற்களை மட்டும் விரல் விட்டு எண்ணிவிடலாம். “என் நாற்காலியில உட்கார்றவங்க வாய மூட வைக்க முடியல, இவன் வாயத் திறக்க வைக்க முடியல” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சலூனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அள்ளும். இருந்தும் மதியமானால் ஷட்டரை இழுத்துவிட்டு மகனோடு பஸ் ஏறிவிடுவார். ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையில், ஆர்வலர்கள் சிலர் பழைய டீசல் இன்ஜின்களைப் பழுது பார்த்து ஓட்டிக்காட்டுகிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் கேமராவும் கையுமாகத் திரிவார்கள். மகன் இன்ஜினைச் சரியாகப் பார்க்கக்கூட மாட்டான். பிளாட்பார ஓரத்து இரும்புக் கம்பியில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து நிற்பான். நீல இன்ஜின் வந்து நின்று உறுமும்போது அந்தக் கம்பி அதிரும். அதிர்வு கைவழியே ஏற ஏற, வாரமெல்லாம் விறைத்துக் கிடந்த அவன் தோள்கள் மெல்ல இறங்கும். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அப்பா வருவது.

அன்றைக்கு நீல இன்ஜின் முன்கூட்டியே பிளாட்பாரத்தில் நின்றது. புதுப் பெயின்ட் பளபளத்தது. மகன் ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்தான். சத்தமே இல்லை.

பழுது பார்க்கும் ஃபிட்டர், கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். இத்தனை வருஷப் பழக்கத்தில் இவர்களை நன்றாகத் தெரியும்.

“என்ன சொல்றதுன்னு தெரியலண்ணே. உள்ள இன்ஜினச் சுத்த வைக்கிற தண்டு, கிராங்க் ஷாஃப்ட், உடைஞ்சிடுச்சு. அதுக்கு இப்ப உலகத்துல எங்கயும் பார்ட்ஸ் இல்ல. இனி நிறுத்தி வச்சுப் பார்க்கத்தான்.”

“இனிமே ஓடவே ஓடாதா?” என்றார் சலூன்காரர்.

ஃபிட்டர் உதட்டைப் பிதுக்கினார்.

மகன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். “போடு.”

வீட்டில் ஃபேன் நின்றால், டிவி அணைந்தால் அவன் சொல்லும் சொல் அது. சொன்னதும் அப்பா எழுந்துபோய்ப் போட்டுவிடுவார்.

“அது ரிப்பேர்டா கண்ணா. ஓடாது.”

“போடு.”

“அப்பாவால முடியாதுடா.”

இந்த வாக்கியத்தை அவனிடம் இதுவரை சொல்லியதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மகன் அவர் மணிக்கட்டைப் பற்றி இழுத்துப்போய், அவர் உள்ளங்கையை இன்ஜினின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினான். இரும்பு சில்லென்று இருந்தது. அழுத்திவிட்டுக் காத்திருந்தான். பிறகு இன்னும் பலமாக அழுத்தினான். வலித்தது. விடுவித்துக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை, மனமும் இல்லை.

ஃபிட்டர் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்ற சிவப்பு இன்ஜினை ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். வெள்ளைப் புகை கக்கி, அது குலுங்கிக்கொண்டு உயிர்பெற்றது. “தம்பி, இங்க வா! ஏறி உள்ளயே உட்காரலாம்!” என்று கத்தினார். மகன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தொண்டை கிழிய ஓர் அலறல். பிறகு தன் தலையிலேயே குத்திக்கொள்ள ஆரம்பித்தான்.

கேமராக்காரர்கள் நாசூக்காக விலகிப்போனார்கள். சலூன்காரர் மகனின் கைகளைப் பிடிக்கப் பார்த்தார், அவன் உதறிய உதறலில் மல்லாந்து விழுந்தார். எழுந்து மறுபடி போய், அவன் குத்துகிற இடத்தில் தன் கையை வைத்துக்கொண்டார். குத்துகள் அதன்மேல் விழுந்தன. சின்ன வயதில் அவனை அப்படியே அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். இப்போது நகர்த்தக்கூட முடியவில்லை. இன்னும் பத்து வருஷம் போனால் கையை வைக்கவாவது நான் இருப்பேனா என்று நினைத்துக்கொண்டார்.

ஓய்ந்துபோய் அவனாகவே எழுந்ததும் பஸ் ஏறினார்கள். வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சவரக் கத்தி பிடிக்கும் கை வீங்கியிருந்ததால் அவரும் இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை அவர் கண்விழித்தபோது, மகன் சட்டைப் பட்டனை எல்லாம் தானே போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். எப்போதும் அவர்தான் போட்டுவிடுவார். ஒரு பட்டனும் தப்பவில்லை.

“இன்னைக்கு வேண்டாம்டா” என்று சொல்ல வாயெடுத்தார். அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் கொடியிலிருந்து தன் சட்டையை உருவிக்கொண்டார்.