மூன்றாவது சாவி

பதுளை ஆஸ்பத்திரியில் வயிற்று ஆபரேசனுக்குக் கொண்டுபோகும் முன் சுதர்ஷினியின் கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார்கள். நர்ஸ் அதைத் துணியில் முடிந்து மகள் மதுஷாவிடம் கொடுத்தார். மஞ்சள் கயிறு, தங்கத் தாலி, இரண்டு ஊக்கு, ஒரு சின்னச் சாவி.

அது தேயிலைத் தோட்ட லயத்தில் குடியிருக்கும் பெண்கள் இருபத்திரண்டு பேரின் சேமிப்புப் பெட்டிச் சாவி. பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று வீட்டில். கொழுந்து பறிக்கும் மலையில் எங்காவது விழுந்துவிடுமே என்று மூன்று பேருமே அதைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டவர்கள்.

மறுநாள் டாக்டர் ஒரு மருந்தும் ஒரு பரிசோதனையும் வெளியே செய்யும்படி எழுதிக்கொடுத்தார். இருபத்திநாலாயிரம். கொழும்பில் கட்டட வேலை செய்யும் அப்பா மாதக் கடைசியில்தான் சம்பளம் என்று போனில் சொன்னார். மதுஷாவுக்குப் பதினாறு வயது. பரீட்சைக்காக எடுத்த புது அடையாள அட்டையை அவள் முதன்முதலில் நீட்டியது டவுனில் ஒரு அடகுக் கடையில். கடைக்காரர் கயிற்றை அறுத்து, தாலியை மட்டும் நிறுத்து எடுத்துக்கொண்டு, கயிற்றையும் சாவியையும் திருப்பிக் கொடுத்தார்.

மருந்து வேலை செய்தது. சனிக்கிழமை அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மகளை அருகே கூப்பிட்டு, திங்கட்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்களாம் என்றாள்.

“வரும்போது தாலிய எடுத்துட்டு வா. வெறுங்கழுத்தோட நான் லயத்துக்குள்ள காலெடுத்து வைக்கமாட்டேன்.”

தலையாட்டிவிட்டு மதுஷா தோட்டத்துக்குப் போகும் லுணுகலை பஸ்ஸில் ஏறினாள். வீட்டில் தம்பி தூங்கும்வரை காத்திருந்தாள். அம்மாவின் சேமிப்புப் புத்தகத்தின் அட்டையில் ஒரு நம்பர் எழுதியிருந்தது. குழுவை ஆரம்பித்துக் கொடுத்த தொண்டு நிறுவனத்தின் ஸித்தி ஸுபைதா மிஸ். பண்டாரவளையிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று அழுத்தினாள்.

“மிஸ், நான் சுதர்ஷினி மகள் மதுஷா. ஒரு தப்புப் பண்ணிட்டேன். அம்மா தாலிய அடகு வச்சிட்டேன்.”

“அழுகாமச் சொல்லுங்க மகள்” என்றார் மிஸ். எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவின் சேமிப்பிலிருந்து எடுத்துத் தர முடியுமா, அம்மா இல்லாமல் பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டாள்.

“நான் எப்படித் திறக்கிறது? எங்கிட்ட சாவியே இல்லையே. வெளியாள் கையில சாவி இருக்கக்கூடாதுன்னுதான் ஒங்க அம்மாமாரே சட்டம் போட்டது. மூணாவது சாவி ஒங்க கையிலதான் இருக்கு மகள். ராக்கம்மாகிட்டப் போய்க் கேளுங்க.”

அம்மா வாரா வாரம் சேமிப்போடு சேர்த்து ஐம்பது ரூபாய் தனியாகப் போடுவது எதற்கு என்று மதுஷா கேட்டதே இல்லை. அது நோய்நொடிக்கு, திருப்பிக் கட்டவேண்டாத காசு என்று அன்றைக்கு மிஸ் சொல்லித்தான் தெரிந்தது. அடகுக் கடைக்காரரின் முன்னால் நின்றபோதுகூட அந்தக் காசின் சாவி அவள் உள்ளங்கையில்தான் இருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு லேசானது போலவும் இருந்தது.

ஞாயிறு காலை மழை. முதல் சாவியை வைத்திருக்கும் ராக்கம்மா முட்டிவலிக்காரி, வாய்க்காரி. வாசலிலேயே எல்லாம் கேட்டுவிட்டு மதுஷாவை மேலும் கீழும் பார்த்தாள்.

“நல்லாப் பண்ணுனடி. தாலிய வச்சிட்டு, சாவியப் பத்திரமா வச்சிருந்தியாக்கும்.”

திட்டு அவ்வளவுதான். பெட்டியைத் திறக்கக் குறைந்தது பன்னிரண்டு பேர் கண்முன்னே இருக்கவேண்டும். ராக்கம்மா முக்காட்டுக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு லயம் லயமாய்க் குரல் கொடுத்தாள். பிள்ளைப் பள்ளிக்கூட மண்டபத்தில் பதினேழு பேர் கூடினார்கள். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்தவள் ஒருத்தி. முதல் பூட்டை ராக்கம்மாவும், அடுத்ததை மற்றச் சாவிக்காரி புஷ்பமலரும் கழுத்தைத் தாழ்த்தித் திறந்தார்கள். கடைசிப் பூட்டுக்கு மதுஷாவைக் கூப்பிட்டார்கள்.

நோய்க்காசு பதினைந்தாயிரத்துக்குமேல் ஒருவருக்குக் கொடுப்பதில்லை. மீதி சுதர்ஷினி பெயரில் கடன். வட்டிக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து எண்ணி, பெயரெழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தி மட்டும், அடகுக் கடைக்காரன் என்ன வட்டி போட்டான் என்று விசாரித்து, கேட்டதும் காறித் துப்பினாள்.

திங்கட்கிழமை கடை திறக்கும்போதே மதுஷாவும் புஷ்பமலரும் வாசலில் நின்றார்கள். ஒன்பதரைக்கு வார்டில் அம்மாவின் கையில் தாலி இருந்தது. கயிறு புதிது.

“கயிற ஏன்டி மாத்துன?”

மதுஷா பொய் சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். வந்ததென்னவோ முழுக்கதையும். ராக்கம்மா சொன்னதைக் கேட்டபோது அம்மா சிரிப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“தையல் பிரிஞ்சிரும், சும்மா இரு” என்றாள் மகளிடம்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“மழையிலயா வந்தாங்க?”

“ஆமாம்மா. பதினேழு பேரு.”

“பேரச் சொல்லு.”

மதுஷா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் ஒரு பெயரைத் தவறவிட்டு எண்ணிக்கை பதினாறில் நின்றபோது, மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.