வெளிநாட்டு மகனுக்கான ஜெபம்

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆலயத்தின் பின்னறையில் கூடும் ஜெபக்கூட்டத்தில் மொத்தமே ஏழு பேர்தான். ஒவ்வொருவரும் தங்கள் ஜெபக் குறிப்பைச் சொல்வார்கள். மற்றவர்கள் அதற்காக வேண்டிக்கொள்வார்கள். அந்த ஏழு பேரில் ஒருத்தியான அவள் இரண்டு வருடமாகச் சொன்னது ஒன்றுதான். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான், பத்திரமாகத் திரும்பி வர வேண்டும்.

மகன் இருந்தது ஜெயிலில். குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரோட்டில் போன ஒருவரின் காலை முறித்தவன். சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவள் அவள். அந்த ஜெப அறையை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. அதனால் ஆண்டவருக்கே தப்பான விலாசத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்று முழங்காலில் நின்றாள். அதற்கும் ஒரு விசுவாசம் வேண்டும்தான்.

கூட்டத்தில் மகனுக்காக உருகி ஜெபிப்பவர் குழாய் ரிப்பேர் செய்யும் அண்ணன். பிள்ளைக்கு நல்ல தூக்கத்தைத் தாரும், கூட இருப்பவர்கள் கைநீட்டாதபடி காத்துக்கொள்ளும் என்பார். அண்ணனுக்கு வெளிநாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, பாவம் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவள் பயந்ததெல்லாம் தையல்கார அக்காவுக்குத்தான். அக்காவின் கத்தரிக்கோலைவிட அவர் நாக்கு நன்றாக வெட்டும்.

போன சனிக்கிழமை பார்க்கப் போனபோது, வருகிற வெள்ளிக்கிழமை விடுதலை என்று மகன் சொன்னான். பிறகு தயங்கினான்.

"உங்ககூட ஆலயத்துக்கு வரணும்னு ஆசையா இருக்கும்மா. ஆனா எந்த நாட்டுல இருந்தேன்னு கேட்டா என்ன சொல்றது?"

உண்மையைச் சொன்னால் அந்த அறை கைவிட்டுப் போய்விடும். சொல்லாவிட்டால் பிள்ளை வாசலோடு நின்றுவிடுவான். நான்கு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்தப் புதன்கிழமை தன் முறை வந்ததும் எழுந்து நின்றாள். தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். பொய்யைச் சொல்லி ஜெபிக்க வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

யாரும் திடுக்கிடவில்லை. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டார். தன் வேனிலேயே போய் அழைத்து வந்துவிடலாம் என்றார். தையல்கார அக்கா பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே பொத்தான் வரை தைத்து முடித்த நீலச் சட்டை.

"தச்சு ரெண்டு மாசம் ஆச்சு. அவன் பிடிபட்ட அன்னைக்கே பேப்பர்ல எல்லாரும் பார்த்துட்டோம். நீங்களா வாய் திறக்காம எப்படிக் குடுக்கிறது? பழைய அளவுதான். அங்க இளைச்சிருப்பான்னு ஒரு இஞ்ச் குறைச்சு வெட்டினேன்."

அவள் சட்டையைத் தடவினாள். மகன் எப்படி இருக்கிறான் என்று இதே அக்கா கேட்டபோதெல்லாம், சம்பளம் கூடிவிட்டது, குண்டாகிவிட்டான் என்று அளந்துவிட்டவள் அவள்.

"ரெண்டு இஞ்ச் இளைச்சிருக்கான், அக்கா" என்றாள். சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுதா சட்டை சரியாயிடுமா? இங்க குடுங்க, பிடிச்சுத் தர்றேன்."

அக்கா சட்டையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார். அண்ணன் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே, ஜெயில்ல இருக்கிற எங்க பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வர்றான்" என்று ஆரம்பித்தார்.