உட்கார்ந்திருந்த மூன்று பேர்

கும்மிடிப்பூண்டி இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் கேட்டுக்கு வெளியே சித்தப்பா ராஜமாணிக்கம் குந்தியிருந்ததைப் பார்த்ததும் செங்கல்வராயன் அருகே போனான்.

"இன்னா சித்தப்பா, வேலைக்குப் போவலியா?"

"நீதான ஊட்டுக்கு அனுப்சிட்ட, எஞ்சினீரு. என்னியும் இன்னும் ரெண்டு பேரையும். சும்மா குந்திக்கினு இருந்தோம்னு எழுதிக் குடுத்தியாமே?"

பொறியியலும் நிர்வாகமும் சேர்ந்த படிப்பில் அவனுக்கு அது கடைசி வருஷம். பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து அதற்குப் போன முதல் ஆள். பயிற்சிக்காக இந்தத் தொழிற்சாலையில் யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். மேனேஜர் தேவராஜன் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம்.

உலையடியில் எல்லாரும் குப்பத்து ஆட்கள். ஏரியில் வலை போடும் இடத்துக்கு முறை வைத்துக்கொள்ளும் வழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்திருந்தார்கள். உருகிய இரும்பை ஐந்து பேர் சட்டியில் சுமந்தால் மூன்று பேர் உட்காருவார்கள், பிறகு மாறிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அந்த அனலில் எவனும் தாக்குப்பிடிக்க முடியாது. மேனேஜர் தலை தெரிந்தால் மட்டும் மூவரும் எழுந்து வார்ப்பு மண்ணைத் தள்ளுவதுபோல் பாவனை செய்வார்கள். செங்கல்வராயன் வந்து நின்றபோது எழவில்லை. நம்ம பிள்ளை, அவனிடம் என்ன நடிப்பு?

கல்லூரி கொடுத்த தாளில் 'வேலை', 'சும்மா' என்று இரண்டே கட்டம். அவன் 'சும்மா'வில் கோடு போட்டுத் தொலைத்திருந்தான்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், அது சும்மா இல்ல, முறை. நான் தப்பா எழுதிட்டேன்."

தேவராஜன் சிரித்தார். "நிர்வாகம் படிக்கிறவன் பேசற பேச்சாய்யா இது? ஹெட் ஆபீஸ்ல உன்னை மெச்சிக்கறாங்க. கையெழுத்த வாங்கிக்கிட்டு கிளம்பு."

"நீ வந்து உலைகிட்ட அரை நாள் நில்லுய்யா. அப்புறம் போடு கையெழுத்து!"

"வாய அடக்கு. பட்டம் வேணுமா, வேணாமா?"

செங்கல்வராயன் கதவை அறைந்து சாத்திவிட்டு உலையடிக்கு இறங்கினான். ஐந்து பேரும் மாறிக்கொள்ள ஆளின்றிச் சுமந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் பச்சையப்பனின் கண் ரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"இன்னாடா, மறுபடியும் எண்ண வந்தியா?"

"எண்ணல. குந்தப் போறேன். நீங்களும் குந்துங்க."

முறைக்காரர்கள் உட்காரும் பலகையில் அவன்தான் முதலில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் அவனையே முறைத்துவிட்டு, பச்சையப்பன் சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் குந்தினான். பின்னாலேயே மற்றவர்களும்.

உலையில் இரும்பு கொதித்தது. எடுக்காமல் விட்டால் உள்ளேயே இறுகிப்போகும். உலையையே உடைக்க வேண்டிவரும். அது தேவராஜனுக்கும் தெரியும். ஓடி வந்தார்.

"எழுந்திருங்கடா!"

ஒருவனும் அசையவில்லை.

"கேட்டாண்ட மூணு பேரு இருக்காங்க," என்றான் செங்கல்வராயன். "கூப்டு."

தேவராஜன் உலையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "உன் பட்டம் போச்சுடா," என்று பல்லைக் கடித்துவிட்டு வாட்ச்மேனுக்குக் கை காட்டினார்.

ராஜமாணிக்கம் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே உள்ளே வந்தார். அண்ணன் மகனை ஏறிட்டுப் பார்த்தார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ஏந்திரிடா. இப்ப பச்சையப்பன் மொற, அவன் குந்தற எடம் அது."