எடுக்காத விரல்

...அழுத்தினது வருகிறது, விட்டது வரவில்லை, மூன்று நாளாக இதே கதைதான், பிழை கண் முன்னால்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது என்று கரீம் பாட்சாவுக்குத் தெரியும், ஆனால் எங்கே? திரையில் ஒரு மனித உடம்பு கைகளை விரித்து நின்றது, முகமில்லாத உடம்பு, கோடு கோடாக அவனே போட்ட படம், அதை நாற்பத்திரண்டு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தான், தோள், முழங்கை, மணிக்கட்டு... மவுஸை நகர்த்தி, அம்புக்குறியைத் தோளில் வைத்து, பட்டனை அழுத்தி விட்டால் தோளுக்கான பெட்டி திறக்க வேண்டும். அழுத்தினால் மட்டும் போதாது, அழுத்திய இடத்திலேயே விரலை எடுக்கவும் வேண்டும், அப்போதுதான் அது கிளிக், அப்படித்தான் புரோகிராம் எழுதியிருந்தான், தவறி அழுத்தினவர் வெளியே நகர்த்திக்கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று. மனிதனுக்கு மனசு மாற ஒரு வழி வைக்க வேண்டாமா? அந்த நல்ல எண்ணம்தான் இப்போது கழுத்தை அறுக்கிறது. தோளில் அழுத்துகிறான், விரலை எடுக்கிறான், பெட்டி திறக்கவில்லை, சரி தொலையட்டும் என்று மவுஸை நகர்த்தினால் எங்கேயோ தொடையில் போய் 'விட்டாச்சு' என்கிறது. என்ன அநியாயம் இது, எடுத்த விரலை எடுக்கவில்லை என்று ஒரு மிஷின் சாதிக்கிறதே...

அனந்தநாராயணன் சார் காலையிலிருந்து மூன்று தடவை பின்னால் வந்து நின்றுவிட்டார். செம்பூரில் இந்த இரண்டு அறைக் கம்பெனி அவருடையது, பம்பாயில் பத்து ஆபீசில்கூட இருக்காத இந்த மவுஸைச் சிங்கப்பூரிலிருந்து வேட்டிக்குள் சுருட்டிக் கொண்டுவந்தவர், அதற்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்கிற கவலை வேறு. "பாட்சா, நாலு மணிக்கு டாக்டர் வரார், அதுக்குள்ள ஆயிடுமோன்னோ?" ஆயிடும் சார். டாக்டர் சயானில் தோல் வியாதிக்கு வைத்தியம் பார்ப்பவர், எங்கே படை, எங்கே தேமல் என்று காகிதத்தில் வரைந்து வரைந்து அலுத்துப்போனவர், இனி படத்திலேயே தொட்டுக் காட்ட வேண்டும் அவருக்கு. பட்டன் தேய்ந்திருக்குமோ? ஒயர்? சோதித்துப் பார்க்க, டைப் அடிக்கும் இருதயமேரியைக் கூப்பிட்டான். தோள், மார்பு, பாதம் என்று அவள் பதினோரு இடத்தில் அழுத்தினாள், பதினோரு பெட்டியும் சமர்த்தாகத் திறந்தன. "எனக்கு வேலை செய்யுதே பாய். நீங்க செய்ங்க, பாப்போம்." செய்தான், திறக்கவில்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். "நீங்க வெரல எடுக்கவே இல்லியே பாய்." எடுத்தாச்சே என்றான். "இல்ல பாய், இன்னும் அமுக்கிட்டுத்தான் இருக்கீங்க, குனிஞ்சு பாருங்க." பார்த்தான். அவனுடைய ஆட்காட்டி விரல் பட்டன் மேலேயே இருந்தது, பட்டன் உள்ளே போயிருந்தது.

அவள் வேலையைச் சீக்கிரம் முடித்துச் சுனாபட்டி ரயிலைப் பிடிக்கும் நினைப்பில் டைப் மிஷினுக்குத் திரும்பிவிட்டாள், அவளுக்கு அது அவ்வளவுதான். இடது கையால் அழுத்திப் பார்த்தான், திறந்தது. மறுபடியும் திறந்தது. சரி, இது பட்டறைக் கை, வேறென்ன... தாராவியில் அவர்கள் சந்தில் இதற்குப் பெயரே உண்டு, தோல் பட்டறைச் சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறப்போட்டு மரத்துப்போன கை, வாப்பாவுக்கு இருந்தது, அண்ணன் உதுமானுக்கு இருக்கிறது, பள்ளிக்கூட லீவிலெல்லாம் தொட்டிக்குள் கையை விட்டவனுக்கு மட்டும் ஏன் இருக்காது? போன மாதம் கொதிக்கிற சாயா கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றானே, கை சுடலையா என்று எல்லோரும் கேட்டபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததே. மணிக்கட்டுக்கு மேலே வெளுத்திருந்த தேமலுக்கு ஆபிதா பூண்டு அரைத்துப் போட்டாள், எரியுதா என்றாள், எரியலை என்றான், நல்ல மருந்து என்று புருஷனும் பெண்டாட்டியும் சந்தோஷப்பட்டார்கள். சே. ஆனால் தொட்டியை விட்டு வந்து இருபது வருஷமாகிறது, சுண்ணாம்பு இருபது வருஷம் காத்திருக்குமா? இரண்டு கையையும்தானே விட்டோம், வலது மட்டும் ஏன்?

இடது கையாலேயே அம்புக்குறியை நகர்த்தி, படத்தின் வலது மணிக்கட்டில் வைத்து அழுத்தினான், விட்டான். பெட்டி திறந்தது. வெளுத்திருக்கிறதா? எத்தனை மாதமாக? தொட்டால் தெரிகிறதா, ஆம், இல்லை... டாக்டர் எழுதிக்கொடுத்த கேள்விகள், அவன் கையால் அடித்தவை, எதை அடிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அடித்தவை. 'இல்லை' என்றால் தொழுநோய்ச் சோதனைக்கு அனுப்பு என்று அடுத்த வரி வரும்படி செய்தவனும் அவன்தான், அந்த இடத்தில் ஒரு பிழைகூட இல்லை. சந்தில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, பெரிய வியாதி என்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. மருந்து இருக்கிறது, சாப்பிட்டால் தீரும் என்று டாக்டர் போன வாரம் சாரிடம் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், தீரும், சரி, தீருகிற வரைக்கும் ஆபிதா எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பாள், யார் வீட்டு வாசலில் நிற்பாள்? மகள் சைனபை யார் விளையாடச் சேர்த்துக்கொள்வார்கள்? பயமாக இருந்தது, இருதயமேரி தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் உள்ளே எங்கேயோ விழுந்தது.

சைனப்... நாலு வயசு, பிறந்ததிலிருந்து வாப்பாவின் இந்த விரலைப் பிடித்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், வலது கை, ஆட்காட்டி விரல், வேறு விரலைக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவாள். மழைக்காலம் முடிந்ததிலிருந்து பிடிப்பதில்லை. இருட்டில் விரலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பான், ஒன்றும் வராது, பிள்ளை வளர்ந்துவிட்டது, இனி வாப்பா எதற்கு என்று மனசு விட்டுப்போய் ஆபிதாவிடம்கூடக் குறைப்பட்டுக்கொண்டான். "அவளாவது உங்கள விடுறதாவது" என்று அவள் சிரித்தாள். வாசலில் செருப்புச் சத்தம். "பாட்சா, டாக்டர் வந்துட்டார், ரெடியா?" ரெடி சார் என்றான், வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டான், ஆட்காட்டி விரலை இடது கைக்குள் வைத்து மூடினான், இறுக்கினான், இன்னும் இறுக்கினான், விரலுக்குத் தெரியவில்லை... பிடிப்பதில்லை என்று யார் சொன்னது? இந்த விரல்தானே சொன்னது. அப்படியானால் அவள் விடவே இல்லையோ, இத்தனை நாளும் பிடித்துக்கொண்டேதான் தூங்கினாளோ.